டி.எஸ்.ஹெச் அதிகம் என்றால் தைராய்டு அதிகமா? மூளையும் ஹார்மோனும் பேசிக்கொள்வது எப்படி?

லேபிலிருந்து ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வருகிறது. டி.எஸ்.ஹெச் என்ற வரியில் 11.8 என்று தடித்த எழுத்தில் ஓர் எண். பக்கத்திலேயே மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. 'தைராய்டு ஏறிப்போச்சு... மாத்திரை ஜாஸ்தியாகிடுச்சு போல, பாதியா உடைச்சுப் போடு' என்று வீட்டில் யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்லிவிடுகிறார். மாத்திரை பாதியாகிறது. அடுத்த சில வாரங்களில் சோர்வு கூடுகிறது, எடை ஏறுகிறது, முடி கொட்டுகிறது, மலச்சிக்கல் படுத்துகிறது. 'மாத்திரை சாப்பிட்டும் சரியாகலையே' என்ற புலம்பல் வேறு.

தவறு எங்கே நடந்தது? அந்த எண்ணைப் படித்த விதத்தில்.

டி.எஸ்.ஹெச் என்பது தைராய்டு சுரப்பி சுரக்கும் ஹார்மோனே அல்ல. மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, 'வேலை செய்' என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. கட்டளையின் குரல் உயர்ந்திருக்கிறது என்றால், கீழே வேலை சரியாக நடக்கவில்லை என்று பொருள். அதாவது, டி.எஸ்.ஹெச் அதிகம் என்றால் பெரும்பாலும் தைராய்டு ஹார்மோன் குறைவு. மாத்திரையைக் கூட்ட வேண்டிய நேரத்தில் குறைத்தால் சோர்வு கூடாமல் என்ன செய்யும்?

தைராய்டு மட்டுமல்ல. ஸ்டீராய்டு மாத்திரையை ஏன் சட்டென்று நிறுத்தக் கூடாது? ஜிம்மில் போட்டுக்கொள்ளும் ஊசி ஏன் குழந்தைப்பேற்றைப் பாதிக்கிறது? கருத்தடை மாத்திரை எப்படி வேலை செய்கிறது? இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். மூளை சுரப்பிகளுக்குக் கட்டளையிடுகிறது. சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன்கள் ரத்தம் வழியாக மூளைக்கே திரும்பிப் போய்க் கணக்கு ஒப்பிக்கின்றன. இந்த ஏற்பாட்டைத்தான் மருத்துவர்கள் 'ஃபீட்பேக்' என்கிறார்கள்.

மாடித் தொட்டியும் மோட்டாரும்

இதைப் புரிந்துகொள்ள நம் வீட்டு மாடித் தொட்டியே போதும். கீழே மோட்டார். மேலே தொட்டி. தொட்டி நிரம்பி வழிந்தால், மாடியில் நிற்பவர் 'போதும்... ஆஃப் பண்ணு' என்று குரல் கொடுப்பார். தண்ணீர் குறைந்தால் 'மோட்டாரைப் போடு' என்பார். சில வீடுகளில் இந்த வேலையை சென்ஸார் பார்த்துக்கொள்கிறது. எப்படியானாலும், மோட்டார் ஓட வேண்டுமா, வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது தொட்டியில் இருக்கும் தண்ணீரின் அளவுதான்.

உடலில் இந்த ஏற்பாடு மூன்று அடுக்குகளாக இருக்கிறது. முதல் அடுக்கு, மூளையின் அடியில் பாதாம் பருப்பு அளவே இருக்கும் ஹைப்போதலாமஸ். எடை ஏறக்குறைய 4 கிராம். இரண்டாவது, அதிலிருந்து காம்பு போலத் தொங்கும் பட்டாணி அளவு பிட்யூட்டரி. எடை அரை கிராம்தான். மூக்கின் மேல்பகுதிக்கு நேர் பின்னால், எலும்பில் ஒரு சின்னக் குழிக்குள் பத்திரமாக அமர்ந்திருக்கிறது. மூன்றாவது அடுக்கில் தைராய்டு, சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல அமர்ந்திருக்கும் அட்ரினல், பெண்களுக்கு சினைப்பை, ஆண்களுக்கு விதைப்பை ஆகியவை இருக்கின்றன.

ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியிடம் சொல்லும். பிட்யூட்டரி சுரப்பிகளிடம் சொல்லும். சுரப்பிகள் ஹார்மோனைச் சுரக்கும். அந்த ஹார்மோன் உடல் முழுக்கச் சுற்றிவிட்டு மேலே உள்ள இருவரையும் சென்றடையும். அளவு போதுமானதாக இருந்தால் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். போதவில்லை என்றால் குரலை உயர்த்துவார்கள். பகல், இரவு, வெயில், மழை, பட்டினி, விருந்து... எது வந்தாலும் இந்தப் பேச்சுவார்த்தை மட்டும் நிற்பதில்லை.

ஆட்டு மூளைகளில் ஒரு தேடல்

'பிட்யூட்டரிதான் சுரப்பிகளின் தலைவன்' என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. அந்தத் தலைவனுக்கும் மேலே ஓர் அதிகாரி உண்டு என்பதைக் காட்டியவர்களில் முக்கியமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹாரிஸ். அவரும் டோரா ஜேகப்சன் என்ற பெண் விஞ்ஞானியும் 1950-களின் தொடக்கத்தில் எலிகளின் பிட்யூட்டரியை எடுத்து இடம் மாற்றிப் பொருத்திப் பார்த்தார்கள். ஹைப்போதலாமஸுக்குக் கீழே, அங்கிருந்து ரத்தம் வரும் இடத்தில் வைத்தால் அது வேலை செய்தது. மூளையின் வேறொரு பகுதிக்கு அடியில் வைத்தால் செயலற்றுப் போனது. ஹைப்போதலாமஸிலிருந்து ரத்தம் வழியாக ஏதோ ஒரு ரசாயனத் தகவல் வருகிறது என்பது இதிலிருந்து தெளிவானது.

அந்த ரசாயனம் எது? அதைத் தேடி அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் வருடக்கணக்கில் போட்டி போட்டன. ஒன்று ரோஜர் கிய்மன் தலைமையில், மற்றொன்று ஆண்ட்ரூ ஷாலி தலைமையில். ஒருகாலத்தில் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள், பிரிந்துபோய்ப் போட்டியாளர்களானார்கள். ஹைப்போதலாமஸில் அந்த ரசாயனம் அவ்வளவு சொற்பமாக இருந்ததால், இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கான மூளைத்துண்டுகளைச் சேகரிக்க வேண்டியிருந்தது. கிய்மன் ஆட்டு மூளைகளையும், ஷாலி பன்றி மூளைகளையும் நம்பினார்கள். லட்சக்கணக்கான துண்டுகளை அரைத்து வடிகட்டினால் மில்லிகிராம் கணக்கில்தான் கிடைக்கும்!

1969-ல் இரண்டு குழுக்களும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் டி.ஆர்.ஹெச் என்ற ஹார்மோனின் அமைப்பைக் கண்டுபிடித்தன. தைராய்டுக்கான கட்டளைச் சங்கிலியின் முதல் கண்ணி அதுதான். வெறும் மூன்று அமினோ அமிலங்களால் ஆன குட்டி மூலக்கூறு. 1977-ம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி இவர்கள் இருவருக்கும் போனது. மறுபாதி, ரத்தத்தில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹார்மோனையும் அளக்கும் முறையை உருவாக்கிய ரோசலின் யாலோ என்ற பெண்மணிக்கு. இன்று தெருமுனை லேபில்கூட ஹார்மோன் அளவைப் பார்க்க முடிகிறது என்றால், அதற்கு வழிபோட்டது அவரும் அவருடைய சக விஞ்ஞானி சாலமன் பெர்சனும் சேர்ந்து செய்த வேலைதான்.

குரல் உயர்ந்தால் என்ன அர்த்தம்?

இனி அந்த 11.8-க்கு வருவோம். பெரும்பாலான லேபுகளில் பெரியவர்களுக்கு டி.எஸ்.ஹெச் ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருந்தால் இயல்பு என்று போட்டிருப்பார்கள். லேபுக்கு லேப் சிறிய வித்தியாசம் இருக்கும். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கணக்கே வேறு.

மருத்துவர்கள் முதலில் டி.எஸ்.ஹெச்சைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. தைராய்டு ஹார்மோன் கொஞ்சம் குறைந்தாலே பிட்யூட்டரி மிக அதிகமாகக் குரலை உயர்த்திவிடும். தொட்டியில் ஓர் அங்குலம் தண்ணீர் குறைந்ததற்கே தெருவுக்குக் கேட்கும்படி கத்துகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால், தைராய்டு ஹார்மோன் இன்னும் இயல்பு அளவுக்குள் இருக்கும்போதே டி.எஸ்.ஹெச் ஏறத் தொடங்கிவிடும். எல்லை கொஞ்சம் தாண்டியவர்கள் எல்லோருக்கும் உடனே மாத்திரை தேவைப்படாது. ஃப்ரீ டி4 அளவு, அறிகுறிகள், வயது, கர்ப்பம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. தைராய்டு தன்னிச்சையாக அதிகம் சுரந்தால் பிட்யூட்டரி வாயை மூடிக்கொள்ளும். டி.எஸ்.ஹெச் பூஜ்யத்தை நெருங்கும். படபடப்பு, கை நடுக்கம், எடை குறைதல் என்று வருபவர்களின் ரிப்போர்ட்டில் அம்புக்குறி கீழ்நோக்கி இருப்பது இதனால்தான்.

மாத்திரை அளவை மாற்றிய பிறகு, 'ஆறு முதல் எட்டு வாரம் கழித்து டெஸ்ட் எடுங்கள்' என்று மருத்துவர் சொல்வதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. தைராக்ஸின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 7 நாள்கள் ஆகும். புதிய அளவு நிலைபெற்று, அதைப் பார்த்து மூளை தன் குரலைத் திருத்திக்கொள்ள வாரங்கள் பிடிக்கும். பத்தாவது நாளே டெஸ்ட் எடுத்துவிட்டு 'குறையவே இல்லை' என்று கவலைப்படுவது, மோட்டார் போட்ட அடுத்த நிமிடமே தொட்டியை எட்டிப் பார்ப்பது போலத்தான்.

கழுத்துக் கழலை சொன்ன பாடம்

கட்டளை போட்டும் வேலை நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை இமயமலை அடிவார கிராமங்கள் ஒருகாலத்தில் கண்ணெதிரே காட்டின. அங்கே மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் குறைவு. அயோடின் இல்லாமல் தைராய்டு ஹார்மோன் செய்ய முடியாது. மூளையோ, 'சுரந்து தா, சுரந்து தா' என்று டி.எஸ்.ஹெச்சை அனுப்பிக்கொண்டே இருக்கும். கச்சாப் பொருள் இல்லாத தொழிற்சாலை, கட்டளைக்குக் கீழ்ப்படிந்து தன் கட்டடத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போகும். அப்படி வீங்கியதுதான் முன்கழுத்துக் கழலை.

இமாசலப் பிரதேசத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956-ல் டாக்டர் வி.ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். சில பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு, ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு. அயோடின் உப்பு போன இடங்களில் குழந்தைகளிடம் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் இந்திய அரசு தேசிய கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. இன்று மளிகைக் கடையில் வாங்கும் உப்பு பாக்கெட்டில் 'அயோடின் கலந்தது' என்று இருப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

பிறந்த குழந்தைகளுக்கும் இது முக்கியம். சில குழந்தைகள் தைராய்டு சரியாக வளராமலே பிறக்கும். பார்க்க எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால், மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் அவசியம். குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு துளி ரத்தத்தில் டி.எஸ்.ஹெச் அதிகமாக இருப்பது தெரிந்து, பிறந்த இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை தொடங்கிவிட்டால் அந்தக் குழந்தை மற்ற குழந்தைகளைப் போலவே வளரும். தவறவிட்டால் அறிவுத்திறன் பாதிப்பு நிரந்தரமாகிவிடலாம். பிரசவமான மருத்துவமனையில் இந்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒவ்வொரு பெற்றோருக்கும் நல்லது.

லாரித் தண்ணீர் வந்தால் மோட்டார் எதற்கு?

இந்தக் கதையில் ஆபத்தான அத்தியாயம் ஸ்டீராய்டு. அட்ரினல் சுரப்பி தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. ரத்த அழுத்தம், ரத்தச் சர்க்கரை, நோய் வந்தால் தாங்கும் சக்தி... எல்லாவற்றுக்கும் இது வேண்டும். விடியற்காலையில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவில் மிகக் குறைவாக இருக்கும். இதற்கான கட்டளை, பிட்யூட்டரி அனுப்பும் ஏ.சி.டி.ஹெச்.

1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டாக்டர் பிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் நடக்கவே சிரமப்பட்ட ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாள்களில் அவர் எழுந்து நடமாடினார். உலகமே வியந்தது. 1950-ல் ஹென்ச்சுக்கும் அவருடைய சக விஞ்ஞானி எட்வர்ட் கெண்டலுக்கும், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் கிடைத்தது. ஆனால், இதன் மறுபக்கத்தை அதே கெண்டலும் ட்வைட் இங்கிலும் 1930-களிலேயே எலிகளில் பார்த்திருந்தார்கள். வெளியிலிருந்து அட்ரினல் சாற்றை அதிகமாகக் கொடுத்தால், எலியின் சொந்த அட்ரினல் சுருங்கிப்போனது.

ஏன்? மாடித் தொட்டியைத் தினமும் லாரித் தண்ணீரால் நிரப்பிவிட்டால், மோட்டாரைப் போடச் சொல்லி யாரும் குரல் கொடுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் ஓடாத மோட்டார் துருப்பிடிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையை மூளை 'நம் வீட்டுக் கார்ட்டிசால்' என்றே நினைத்துக்கொள்கிறது. கட்டளை நின்றுபோகிறது. அட்ரினல் மெலிந்துவிடுகிறது. இந்த நிலையில் ஒருநாள் லாரி திடீரென்று வராவிட்டால், தொட்டியும் காலி, மோட்டாரும் ஓடாது.

1952-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஒரு மரணத்தைப் பதிவு செய்தார்கள். மூட்டுவாதத்துக்காகக் கார்ட்டிசோன் எடுத்துவந்த ஒருவருக்கு இடுப்பு மூட்டில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு ரத்த அழுத்தம் சரிந்து, அவர் மீளவே இல்லை. பிரேதப் பரிசோதனையில் அட்ரினல் சுரப்பிகள் மெலிந்துபோயிருந்தன. அறுவை சிகிச்சை போன்ற நெருக்கடியில் உடல் பல மடங்கு கார்ட்டிசாலைக் கேட்கும். கொடுப்பதற்கு அவர் உடலில் இல்லை.

இது பழங்கதை அல்ல. ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய், சிறுநீரகப் பிரச்னை என்று பலருக்கும் ஸ்டீராய்டு உயிர்காக்கும் மருந்து. கோவிட் காலத்தில் ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் உயிரிழப்பைக் குறைத்ததும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டுதான். பிரச்னை மருந்தில் இல்லை, அதை நிறுத்தும் விதத்தில் இருக்கிறது. மூன்று, நான்கு வாரங்களுக்கு மேல் மாத்திரை எடுத்தவர்கள், 'வலி போயிடுச்சே', 'முகம் ஊதுதே' என்று தாங்களாகவே நிறுத்தும்போது கடும் சோர்வு, வாந்தி, வயிற்றுவலி, தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிதல் என்று ஆபத்து வரலாம். அதனால்தான் மருத்துவர்கள் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். மூளை மறுபடி குரல் கொடுக்கவும், அட்ரினல் மறுபடி எழவும் வாரங்கள், சிலருக்கு மாதங்கள் தேவைப்படும்.

இன்னும் பெரிய சிக்கல், ஸ்டீராய்டு எடுக்கிறோம் என்றே தெரியாமல் எடுப்பவர்கள். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் 'மூட்டுவலி பொடி', ஒரே வாரத்தில் வெள்ளையாக்கும் க்ரீம்... இவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. வீரியமான க்ரீமை உடலில் பரவலாக, மாதக்கணக்கில் பூசினாலும் அது ரத்தத்தில் கலந்து அதே வேலையைச் செய்யும். அதேசமயம், இதைப் படித்துவிட்டு ஆஸ்துமா இன்ஹேலரை யாரும் தூக்கிப்போட வேண்டாம். மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கும் இன்ஹேலரில் மருந்து பெரும்பாலும் நுரையீரலிலேயே வேலை செய்கிறது. அதை நிறுத்தினால் வரும் மூச்சுத்திணறல்தான் ஆபத்து.

ஜிம் ஊசியின் மறுபக்கம்

இதே கதை ஜிம்களிலும் நடக்கிறது. சீக்கிரம் உடம்பு ஏற வேண்டும் என்று சில இளைஞர்கள் டெஸ்ட்டோஸ்டீரோன் வகை ஊசிகளைப் போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து வந்து குவியும் ஹார்மோனைப் பார்த்த பிட்யூட்டரி, விதைப்பைக்கு அனுப்பும் எல்.ஹெச், எஃப்.எஸ்.ஹெச் கட்டளைகளை நிறுத்திவிடும். தசை பெருக்கும். ஆனால், விதைப்பை சுருங்கும், விந்தணுக்கள் குறையும், சிலருக்கு இல்லாமலே போகும்.

'ஆண்மைக்கான ஹார்மோனைப் போட்டுக்கொண்டால் எப்படி விந்தணு குறையும்?' என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால், இந்த விளைவு அவ்வளவு உறுதியானது என்பதால், உலக சுகாதார நிறுவனம் டெஸ்ட்டோஸ்டீரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே ஆய்வு செய்தது. அதன் முடிவுகள் 1990-ல் வெளியாகின. ஊசியை நிறுத்திய பிறகு விந்தணு உற்பத்தி திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். எல்லோருக்கும் முழுமையாகத் திரும்பும் என்ற உத்தரவாதமும் இல்லை. கல்யாணமாகிக் குழந்தை தள்ளிப்போகிறது என்று வரும் ஆண்களிடம், 'ஜிம்மில் ஊசி ஏதாவது போட்டீர்களா?' என்று மருத்துவர் கேட்பது இதனால்தான். அந்தக் கேள்விக்கு மறைக்காமல் பதில் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

'போதும்' என்பது 'இன்னும்' ஆகும் நாள்

இதுவரை சொன்னதெல்லாம் 'அதிகமானால் நிறுத்து' என்ற விதி. பெண்ணின் உடலில் மாதத்தில் ஒருமுறை இந்த விதி தலைகீழாகிறது. மாதவிடாய் முடிந்த நாள்களில் சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் மூளையிடம் 'போதும்' என்றுதான் சொல்கிறது. ஆனால், கருமுட்டை முதிர முதிர ஈஸ்ட்ரோஜென் ஏறி, உச்ச அளவில் ஏறக்குறைய இரண்டு நாள்கள் நிலைத்து நின்றால், அதே ஹார்மோன் 'இன்னும்... இன்னும்' என்ற செய்தியாக மாறிவிடுகிறது. பிட்யூட்டரியிலிருந்து எல்.ஹெச் வெள்ளமாகப் பாய்கிறது. அது தொடங்கி ஏறக்குறைய 36 மணி நேரத்தில் கருமுட்டை வெளியேறுகிறது. மாடித் தொட்டி உதாரணம் இந்த இடத்தில் கைகொடுக்காது. நிரம்பிய தொட்டி, மோட்டாரை இன்னும் வேகமாக ஓடச் சொல்லும் அதிசயம் இது!

பிரசவ வலியும் இந்த ரகம்தான். குழந்தையின் தலை கர்ப்பப்பை வாயை அழுத்த, மூளை ஆக்ஸிடோசினை அனுப்புகிறது. அது கர்ப்பப்பையை இறுக்குகிறது. தலை இன்னும் அழுத்துகிறது, இன்னும் ஆக்ஸிடோசின் வருகிறது. குழந்தை வெளியே வந்த பிறகுதான் இந்தச் சுழற்சி ஓய்கிறது.

1960-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரை, இந்தப் பேச்சுவார்த்தையில் புகுந்துதான் வேலை செய்தது. மாத்திரையில் இருக்கும் ஹார்மோன்களைப் பார்த்து மூளை 'போதும்' என்ற நிலையிலேயே இருந்துவிடும். எல்.ஹெச் வெள்ளம் வராது, கருமுட்டை வெளியேறாது.

45 வயதைத் தாண்டிய பெண்ணின் ரிப்போர்ட்டில் எஃப்.எஸ்.ஹெச் எகிறியிருந்தால் 'ஹார்மோன் அதிகமாகிவிட்டது' என்று பயப்பட வேண்டாம். சினைப்பை மெல்ல ஓய்வெடுக்கிறது, மூளை இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். ஆனால், அதே எண் 30 வயதில் வந்தால் உடனே மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கூப்பிடும் குரலே ஓய்ந்தால்?

சிலருக்குப் பழுது சுரப்பியில் இல்லை, பிட்யூட்டரியிலேயே இருக்கும். கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி பெரிதாகும், அதற்கு அதிக ரத்தம் தேவைப்படும். பிரசவத்தில் அளவுக்கு மீறி ரத்தப்போக்கு ஏற்பட்டால் அதன் செல்கள் ரத்தமின்றி மடியலாம். 1937-ல் பிரிட்டிஷ் மருத்துவர் ஹெரால்டு ஷீஹன் இதை விவரித்தார். இன்றும் இது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பிரசவத்துக்குப் பின் பால் சுரக்காது. மாதவிடாய் திரும்பாது. அக்குள் முடி உதிரும். எப்போதும் அசதி, எப்போதும் குளிர். 'குழந்தை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே, காரணம் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்த பெண்கள் உண்டு.

கண்ணாடி விரியன் கடியிலும் இதே பாதிப்பு வரலாம் என்பது இந்தியா, மியான்மர் மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம். கடியிலிருந்து பிழைத்தவர் மாதங்கள், வருடங்கள் கழித்துச் சோர்ந்து கிடந்தால், பழைய பாம்புக்கடியை மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

இவர்களுக்கு டி.எஸ்.ஹெச் மட்டும் எடுத்தால் 'நார்மல்' என்றுகூட வரலாம். கத்த வேண்டியவருக்கே குரல் போய்விட்டதே! ஃப்ரீ டி4, காலை 8 மணி கார்ட்டிசால் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். இதில் சிகிச்சையின் வரிசையும் முக்கியம். கார்ட்டிசால் குறைவாக இருப்பவருக்கு அதை ஈடுசெய்யாமல் தைராய்டு மாத்திரையை மட்டும் தொடங்கினால் உயிருக்கே ஆபத்தாகலாம்.

கவனத்தில் வைக்க...

* தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் எடுத்து, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து காபியோ, டிபனோ சாப்பிடலாம். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள்.

* கர்ப்பம் உறுதியானதும் தைராய்டு மாத்திரையை நிறுத்தாதீர்கள். பலருக்கும் அந்தக் காலத்தில் கூடுதல் அளவு தேவைப்படும். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

* முடி வளர்ச்சிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சில லேப் முறைகளில் அது ஹார்மோன் அளவுகளைத் தவறாகக் காட்டும். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள்கள் முன்பே நிறுத்த வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்கவும் வேண்டாம்.

* நீண்ட நாள்களாக ஸ்டீராய்டு எடுப்பவர், அதைக் குறித்த ஒரு சீட்டைப் பர்ஸில் வைத்திருப்பது நல்லது. கடும் காய்ச்சல், விபத்து, அறுவை சிகிச்சை, பல் பிடுங்குதல் என எதுவானாலும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அளவைக் கூட்ட வேண்டியிருக்கலாம்.

* வாந்தியால் ஸ்டீராய்டு மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை என்றால் மறுநாள்வரை காத்திருக்காதீர்கள். ஊசியாகப் போட வேண்டியிருக்கும். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

* ரிப்போர்ட்டில் ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அது கட்டளையின் அளவா, ஹார்மோனின் அளவா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் பழுது மோட்டாரிலா, குழாயிலா என்பது தெரியும்.

அடுத்த வாரம்: 'பசிக்குது', 'வயிறு நிறைஞ்சிடுச்சு' என்பதை மூளைக்கு யார் சொல்கிறார்கள்?